பக்கத்து வீட்டு அடுப்பு

"…அதனால நெருப்புப் பெட்டிய நீங்களே வச்சிக்குங்கண்ணே. எங்கிட்ட குடுக்காதீங்க. அடுப்ப மட்டும் பத்த வச்சிட்டுப் போங்க, போதும்" என்றாள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி. ஒரு வருஷமாக, விடியற்காலையில் பின்கட்டு வேலியோரம் நின்று அவள் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். அன்றைக்கு மட்டும் கூடக் கொஞ்சம் பேசினாள். "இன்னைக்கு மறுபடியும் ரதம் வருதுல்ல? சூடத்த வச்சது இந்தக் கைதானேண்ணே."

எங்கள் ஊர் காஜா பேராங்கில் ஒரே பலகை வீட்டை இரண்டாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒரு பாதியில் அவளும் புருஷனும். இன்னொன்றில் நான், தனிக்கட்டை. பக்கத்து ஊர்களான செங்குக்கும் பத்து பெரெண்டாமுக்கும் போகிற பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவன். பள்ளிக்கூடம் பார்த்ததில்லை, கடைப் பலகைகளில் எழுத்துக்கூட்டி நானே படித்துக்கொண்டேன். அப்போதெல்லாம் பேச்சு என்றால் மட்டும் உயிர். பஸ்ஸில் ஏறியவர்கள் உதிர்த்துவிட்டுப் போனதையெல்லாம் சாயங்காலம் வேலியோரம் கொண்டுவந்து கொட்டுவேன்.

"ஒங்க பஸ்ஸு எண்ணெயில ஓடுதாண்ணே, ஒங்க வாயில ஓடுதா?" என்பாள் தங்கச்சி.

அவள் புருஷனுக்கு மரப்பட்டறையில் வேலை. எதற்கும் பதறாத மனுஷர். யார் எதைக் கேட்டாலும், "அவசரம்னா நேத்தே சொல்லியிருக்கணும்லா" என்று சிரிப்பார்.

மெர்டேக்கா வந்தபோது, நாடு விடுதலையான சந்தோஷத்தில் ஊரே வெடி வெடித்தது. நான் சீனர் கடையில் அள்ளி வந்ததில் பாதி மிச்சம்: சரவெடிகள், சில பெரிய வாணங்கள். அம்மன் திருவிழாவில் ரதம் நம் வாசலுக்கு வரும்போது கொளுத்தலாம் என்று சதுர பிஸ்கட் தகரம் ஒன்றில் போட்டு வைத்தேன். மூடி துருப்பிடித்து நடுவில் ஓட்டை விழுந்திருந்தது. ஈரம் இறங்கக்கூடாதே என்று பழைய பேப்பரைச் சுருட்டி அதில் அடைத்தேன். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைப்பு.

திருவிழா அன்று சாயங்காலம் மழை விட்டிருந்தது. தகரத்தை இரண்டு வாசலுக்கும் நடுவே வைத்துவிட்டு, திரி கொளுத்த ஊதுவத்தி எடுக்க உள்ளே போனேன். அதற்குள் ரதம் வந்துவிட்டது.

ரதம் நின்றால் வீட்டுக்காரி சூடம் ஏற்றவேண்டும், வீட்டுக்காரர் தேங்காய் உடைக்கவேண்டும். தரையெல்லாம் சேறு. அம்மனுக்கு ஏற்றுவதைச் சேற்றில் வைக்க யாருக்கு மனசு வரும்? காலித் தகரம் என்று நினைத்து, மூடியை முந்தானையால் துடைத்து, அதன்மேல் சூடத்தை ஏற்றியிருக்கிறாள். பிறகு அர்ச்சனைத் தட்டோடு ரதத்தை நோக்கி நடந்திருக்கிறாள். அவர் தேங்காயோடு தகரத்துப் பக்கத்தில் குனிந்திருக்கிறார்.

நான் ஊதுவத்தியோடு வாசலுக்கு வரும்போது அது வெடித்தது. ரதத்துக்கு முன்னால் நின்றவர்களில் ஒருவர் அங்கேயே இறந்துபோனார். தங்கச்சியின் புருஷன் மறுநாள்.

"யார் வச்ச தகரம்?" என்று போலீஸ் கேட்டது. அந்த மாதிரித் தகரம் இல்லாத வீடு எங்கள் பக்கம் கிடையாது. ஊரெல்லாம் பேசுகிற நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு தங்கச்சி நெருப்பைத் தொடவில்லை. காலையில் தோசை சுட்டு விற்றுத்தான் அவள் பிழைப்பு, அடுப்பு எரிந்தாகவேண்டும். பற்றவைக்க நான் போவேன். ஒரு குச்சி கிழிப்பேன், திரும்பி வருவேன். பஸ்ஸில் என் வாயிலிருந்து டிக்கெட் என்ற சொல் தவிர வேறொன்றும் வராமல் போயிற்று. வேலை விட்டு வந்தால் வீட்டுச் சொந்தக்காரரான சிட்டி அம்மா, மலாயே பேசும் பழைய தமிழ் வம்சம், "சுடா மாக்கான்?" என்று கேட்பார். சாப்பிட்டேன் என்று தலையாட்டுவேன். அன்றைய பேச்சு அதோடு முடிந்தது. தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி இருமுவதைக் கேட்டுக்கொண்டே தனியாகச் சாப்பிடுவேன்.

மறுபடியும் ரதம் வரவிருந்த அந்தக் காலையில் அவள் தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். என்னால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"தங்கச்சி, அந்தத் தகரம் என்னோடது."

அவள் நிமிர்ந்தாள்.

"மெர்டேக்கா வெடி. உள்ள போட்டது நான். மூடி ஓட்டையில பேப்பர அடைச்சதும் நான்தான். உள்ள என்ன இருந்திச்சின்னு ஒனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"ஒரு வருஷமாவா?"

"ஆமா."

"தெனம் தெனம் வந்து அடுப்பப் பத்த வச்சீங்களே."

அவள் வேலிக்கு மேலே கையை நீட்டி, என் உள்ளங்கையிலிருந்த நெருப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள். முதல் குச்சி ஒடிந்த சத்தம் கேட்டது. அடுத்தது சீறி அணைந்தது. பிறகு இன்னொரு உரசல். கூரை இடுக்கில் புகை கசிந்தது. அப்புறம் என் பக்கத்துச் சன்னலை மட்டும் இழுத்துச் சாத்தினாள்.