வில்லனைக் கைகாட்டிய கல்யாணப் பெண்

இத்தாலியில், லெக்கோ ஏரியின் மீனவக் கரையில், மீன் விற்கும் எர்சீலியாவின் குரலுக்கு அஞ்சாதவர்கள் கிடையாது. அவள் தட்டில் கிடந்த மீன்கள் மட்டும் அஞ்சவில்லை, அவை செத்திருந்தன.

அப்படிப்பட்டவளைத்தான் கோயில் நாடகத்தில் தலைகுனிந்து, கன்னம் சிவந்து, வாயே திறக்காத கதாநாயகியாகப் போட்டார்கள். அந்தக் காலத்து வெள்ளிக் கொண்டையூசிகளை விசிறிபோலச் செருக வேறு யாருக்கும் அவ்வளவு கூந்தல் இல்லை.

கதை என்னவோ ஊரறிந்த எழுநூறு பக்க நாவல்தான். எங்கள் ஏரிக்கரையில் நடப்பதால் பள்ளிக்கூடத்தில் காதைத் திருகிப் படிக்கவைப்பார்கள். ஓர் ஏழைப் பையனுக்கும் பெண்ணுக்கும் கல்யாணம். அவள்மேல் கண்வைத்த பிரபு பாதிரியாரை மிரட்டி அதை நிறுத்திவிடுகிறான். பிறகு பஞ்சம், படையெடுப்பு, கொள்ளைநோய் எல்லாம் வந்துபோய், படிக்கிறவனுக்கு நரைவிழும் நேரத்தில் மோதிரம் மாற்றுகிறார்கள்.

"அத்தனை பக்கத்துல ஒரு முத்தம் உண்டா?" என்பாள் எர்சீலியா. "மொத நாளே அந்தப் பிரபுவ ஓங்கி ஒண்ணு விட்டிருந்தா, பாவம், அந்தப் பிளேக்காவது வராம இருந்திருக்கும்."

கதாநாயகன், தபால்காரன் ஒரேஸ்தே. தான் அழகன் என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். பிரபு வேடம் கேக் கடை பத்திஸ்தாவுக்கு. கதவு நிலையில் இடிக்கும் உயரம், எருதுத் தோள். ஆனால் மாவில் ஈ விழுந்தால்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் எடுத்துப்போடுவான்.

ஒத்திகையில் அவன் அவளை வழிமறித்துக் கையைப் பிடிக்க வேண்டும். பிடித்தான்.

"வலிச்சுதுங்களா?"

"எங்க தொட்ட நீ, வலிக்கிறதுக்கு? மிரட்டுய்யா! வெலை கேட்டுட்டு வாங்காமப் போறவள நான் பாப்பேன்ல, அப்படிப் பாரு!"

பத்திஸ்தா முழித்துப் பார்த்தான். "உங்க கண்ணப் பாத்தா கோவமே வரமாட்டேங்குதுங்க."

எர்சீலியா தலையைக் குனிந்துகொண்டாள். கன்னம் தக்காளியாகியது.

"அதேதான்! அந்தச் செவப்பு அப்படியே இருக்கட்டும்!" என்று கைதட்டினார் நாடகத்தை நடத்திய ஊர்ப் பாதிரியார், பங்குச்சாமி செவெரீனோ.

கோழைப் பாதிரியார் வேடத்துக்கு யாரும் வராததால் அதையும் சாமியே போட்டுக்கொண்டார். வினை அங்கேதான் பிடித்தது.

நாடகத்தன்று கொட்டகை நிரம்பிவழிந்தது. காதலர்கள் பாதிரியார் வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழையும் காட்சி. இரண்டு சாட்சிகளோடு பாதிரியார் முன்னால் "இவள் என் மனைவி", "இவர் என் கணவர்" என்று சொல்லிவிட்டால் அந்தக் காலச் சட்டப்படி கல்யாணம் முடிந்தது. ஒரேஸ்தே தன் பங்கைச் சொன்னான். அவள் சொல்லி முடிப்பதற்குள் சாமி மேசைத்துணியை உருவி அவள் தலையில் போட்டு வாயை அடைக்க வேண்டும்.

சாமி இழுத்தார். துணி வரவில்லை. யாரோ ஒரு புண்ணியவதி, நழுவக் கூடாதென்று நாலு மூலையிலும் ஆணியடித்திருந்தாள்.

"இவர்தான் என்..." என்று எர்சீலியா இழுத்தாள். சாமியும் இழுத்தார். ஒரேஸ்தே முன்வரிசைப் பெண்களைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்பால், திரை ஓரத்தில், ஒட்டுமீசை ஒருபக்கம் தொங்க, பத்திஸ்தா அவளுக்காகப் பதறிக்கொண்டு நின்றான்.

எர்சீலியாவின் விரல் அந்தப் பக்கம் திரும்பியது.

"இவர்தான் என் புருஷன்!"

பத்திஸ்தா தூக்கத்தில் நடப்பவன்போல மேடைக்கு வந்தான். "நெசமாவாங்க?"

"நீயும் சொல்லுடா மாடு!" என்று கத்தியது கூட்டம்.

"இவங்கதான்... என் சம்சாரம்," என்றான் அவன்.

அப்போதுதான் ஆணி பிடுங்கிக்கொண்டது. துணியோடு சாமி மல்லாக்க விழுந்தார். கொட்டகை கூரை பிய்ந்துவிடும்போல் சிரித்தது.

மறுநாள் மீன்கடையில் வியாபாரமே நடக்கவில்லை, வழக்குதான் நடந்தது. சாமி நொண்டிக்கொண்டே வந்தார். "அது நாடகம்மா! செல்லாது!"

"நீங்க நெசச் சாமிதானே?" என்றாள் ஒரு கிழவி. "அவுங்க ரெண்டு பேரும் சொன்னாங்கதானே? ஊரே சாட்சி. இன்னும் என்ன வேணும்?"

"சட்டம் மாறிப்போச்சு தாயே!"

"அப்ப சீக்கிரமா ஒரு நாளக் குறிங்க சாமி," என்றாள் எர்சீலியா, மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே. "இவர எழுநூறு பக்கம் காக்கவைக்க என்னால ஆகாது."

பத்திஸ்தா பக்கத்தில் கேக் பெட்டியை நெஞ்சோடு அணைத்து நின்று, கன்னம் சிவந்து, தலையைக் குனிந்துகொண்டான்.

மார்ச்சு மாதம் கொட்டுகிற மழையில் கல்யாணம் நடந்தது. மூன்று நாள் முகத்தைத் தூக்கிவைத்திருந்த ஒரேஸ்தே, சாப்பாடு உண்டென்று தெரிந்ததும் சாட்சிக் கையெழுத்துப் போட வந்துவிட்டான். மாப்பிள்ளை தன் கையாலேயே செய்த ஐந்தடுக்குக் கேக் ஏரிப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. மணப்பெண் முக்காட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அது விழுவதற்குள் மேலடுக்கை இரண்டு கையாலும் எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள்.