பெனடிக்ற் அங்கிள் கேட்ட கோன்பிரெட்

1. நிறச் சீட்டுகள்

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தின் கிச்சினில் பத்தொன்பது வருடங்கள் சமைத்தேன். மன்னாரிலிருந்து வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, அப்போது குடியிருந்த மல்வேர்னிலிருந்து பஸ் எடுத்துப் போய்ச் சேர்ந்த முதல் வேலை அதுதான். கடைசி வேலையும் அதுதான்.

முதல் நாள் அடுப்புப் பக்கமே என்னை விடவில்லை. சூப்பர்வைசர் என் கையில் ஒரு கட்டுச் சீட்டைத் தந்தார். ஒவ்வொரு சீட்டிலும் ஒருவரின் பெயர், மேசை இலக்கம், என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்ற விபரம். வெள்ளைச் சீட்டு என்றால் எல்லோரும் சாப்பிடும் சாப்பாடு. மஞ்சள் என்றால் மின்ஸ்ட், அதாவது குறுணியாக அரிந்து குழம்பு விட்டு நனைத்தது. சிவப்பு என்றால் பியூரே. கட்டி, தோல், துணிக்கை எதுவும் இல்லாமல் பிளெண்டரில் மசித்தது. அன்று முழுவதும் நான் செய்த வேலை, ட்ரேயையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்ததுதான். உப்புக் குறைந்தால் யாராவது சத்தம் போடுவார்கள், சீட்டு மாறினால் ஆம்புலன்ஸ் வரும் என்று சூப்பர்வைசர் சொன்னார். சிரிக்காமல்தான் சொன்னார்.

2. அரைத் துண்டு தோஸ்ற்

இரண்டாவது வருடம் அதைக் கண்ணால் பார்த்தேன். என்னோடு காலை ஷிஃப்ற் செய்த ஒரு பெண் நல்ல மனதுக்காரி. சிவப்புச் சீட்டு வைத்திருந்த ஒரு பாட்டி தினமும் அழுது கேட்கிறார் என்று அரைத் துண்டு தோஸ்ற் கொடுத்துவிட்டாள். பட்டர் பூசி, கரை வெட்டித்தான் கொடுத்தாள். பாட்டியின் முகம் நீலமாகியது. நேர்ஸ்மார் ஓடிவந்து முதுகில் தட்டினார்கள். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. பாட்டி திரும்பி வரவில்லை.

அந்தப் பெண்ணை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். லொக்கரைத் திறந்து சப்பாத்தை எடுத்துப் பையில் போட்டாள். என்னைப் பார்த்து, “நான் பாவம் எண்டுதானே குடுத்தனான், ரெஜினா,” என்றாள். அதற்குப் பிறகு யார் எதைக் கேட்டாலும் நான் முதலில் சீட்டைத்தான் பார்த்தேன். முகத்தைப் பிறகுதான் பார்த்தேன். பல நாட்களில் பார்க்கவே இல்லை.

3. புதன்கிழமைச் சாப்பாடு

எங்கள் மெனு மூன்று கிழமைக்கு ஒருமுறை சுற்றி வரும். அதில் ஒரு புதன்கிழமை இரவுச் சாப்பாடு அரைத்த மாட்டிறைச்சியும் கோன்பிரெட்டும் சேர்ந்த கசரோல். கனடாக்காரர் வேலை நாட்களில் வீட்டில் சுருக்காகச் செய்யும் சாப்பாடு அது. கீழே இறைச்சி, மேலே சோளமாப் பாண். ஒரே தட்டில் ஓவனுக்குள் போகும், ஒரே தட்டில் மேசைக்கு வரும்.

நூற்றுச் சொச்சம் பேருக்குச் செய்யும்போது எனக்கு ஒரு பாடம் படிந்தது. இறைச்சிக் கலவை நல்ல சூடாகவும் கொஞ்சம் தண்ணீர்ப் பதமாகவும் இருக்கும்போதே மேலே சோளமாக் கரைசலை ஊற்ற வேண்டும். ஆறிய இறைச்சியின் மேல் ஊற்றினால் மேலே பொன்னிறமாக இருக்கும், அடியில் பச்சை மாவாக ஒட்டும். முதல் இரண்டு முறையும் எனக்கு அப்படித்தான் ஆனது. பிறகு ஒருபோதும் பிழை வரவில்லை.

பியூரேக்காரருக்கு அதே சாப்பாடு வேறு உருவத்தில் போகும். இறைச்சியைக் குழம்போடு அரைத்து ஒரு கரண்டி. கோன்பிரெட்டைப் பாலில் ஊறவைத்து அரைத்து இன்னொரு கரண்டி. தட்டில் ஒரு மண்ணிற உருண்டை, ஒரு மஞ்சள் உருண்டை.

பெனடிக்ற் அங்கிள் எங்கள் இல்லத்துக்கு வந்தது ஒரு மாரியில். ஊர்காவற்றுறை ஆள். ஸ்ட்ரோக் வந்து இடது பக்கம் விழுந்திருந்தது, விழுங்குவதும் கஷ்டம். சிவப்புச் சீட்டு. ஆனால் நினைவில் ஒரு குறையும் இல்லை. வலது கையால் பேப்பர் பிரட்டிப் பார்ப்பார், பக்கத்து மேசைக்காரரின் மருந்து நேரத்தைக்கூட நேர்ஸுக்கு ஞாபகப்படுத்துவார். பேச்சு மட்டும் கொஞ்சம் குழறும்.

தமிழ் ஆள் என்பதால் சோற்றைப் பருப்போடு மசித்து அனுப்பினால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். பேசாமல் பாதி சாப்பிடுவார். ஒரு நல்லதும் சொன்னதில்லை, ஒரு குறையும் சொன்னதில்லை. அந்தப் புதன்கிழமை வந்தபோதுதான் என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, உது என்ன?”

“கோன்பிரெட் கசரோல், அங்கிள்.”

அவர் இரண்டு உருண்டையையும் பார்த்தார். “உதோ?” என்றார். பிறகு பக்கத்து மேசையில் வெள்ளைச் சீட்டுக்காரர் ஒருவரின் தட்டைக் கையால் காட்டினார். “அது. எனக்கு அதிலை ஒரு துண்டு கொண்டு வா.”

“உங்களுக்கு அது ஏலாது, அங்கிள். விழுங்கேக்கை அடைச்சுப்போடும்.”

“எனக்குத் தெரியும் அடைக்குமெண்டு. கொண்டு வா.”

நான் கொண்டுபோகவில்லை.

4. சாந்தினி

அங்கிளின் மகள் சாந்தினி வேலை நாள் எல்லாம் ஐந்து மணிக்கு வந்துவிடுவார். பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் றிசெப்ஷனில் வேலை. வேலை முடிந்த கையோடு பஸ் பிடித்து வந்து, கோட்டைக் கழற்றாமலே தகப்பனுக்கு ஊட்டிவிட்டு, பிறகுதான் தன் வீட்டுக்குப் போவார். வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

அவர்தான் எனக்கு அந்தக் கதையைச் சொன்னார். சாந்தினி சின்னப் பிள்ளையாக இருந்தபோது தாய்க்குப் பின்னேர ஷிஃப்ற். அங்கிள் பக்டரியால் நாலரைக்கு வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்குச் சமைப்பார். சமைக்கத் தெரியாத மனிதர். சோளமாப் பெட்டியின் பின்பக்கத்தில் இருந்ததைப் பார்த்து ஒரு நாள் இந்தக் கசரோலைச் செய்தாராம். பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்களாம். அதற்குப் பிறகு கிழமையில் இரண்டு நாளாவது அதுதான்.

“தூள் போடுவாரோ?” என்று கேட்டேன்.

“இல்லை அக்கா. நாங்கள் ஸ்கூல்லை சாப்பிடுற மாதிரியே இருக்கோணும் எண்டு, மிளகு மட்டும் போடுவார். அம்மா பேசுவா, உது என்ன பத்தியச் சாப்பாடோ எண்டு. அப்பா சிரிச்சுக்கொண்டு நிப்பார்.”

மூன்று கிழமை கழித்து அந்தப் புதன்கிழமை மறுபடி வந்தது. அங்கிள் மறுபடி கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். நான் சீட்டைக் காட்டினேன். அவர் சீட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

மூன்றாம் முறை அந்தப் புதன்கிழமை வந்தபோது சாந்தினி கிச்சின் கதவுக்கே வந்துவிட்டார். அந்த நேரம் ஸ்டீம் டேபிளில் சாப்பாடு, ட்ரொலி மூன்று வரிசையில், ஒரு ஆள் சுகவீன லீவு. என் நெற்றியால் வேர்வை வடிந்தது.

“அக்கா, அப்பா இப்ப ஒண்டும் சாப்பிடுறாரில்லை. அந்தக் கோன்பிரெட்டிலை ஒரு கரண்டி. நான் பக்கத்திலை இருந்து மெதுவாய் குடுக்கிறன். ப்ளீஸ்.”

“என்னாலை ஏலாது, சாந்தினி. ரூல் அப்பிடி.”

“ஆரிட்டைக் கேக்கோணும்? சொல்லுங்கோ, நான் கேக்கிறன்.”

“ஆரிட்டைக் கேட்டாலும் உதுதான் மறுமொழி.”

எனக்கு அது நிச்சயமாகத் தெரியாது. தெரிந்த மாதிரிச் சொன்னேன். கதவுக்குப் பக்கத்துச் சுவரில், யார் என்ன சாப்பிடலாம் என்று தீர்மானிக்கும் டயட்டீஷனுக்கு எழுதிப் போடும் சிறு தாள்கள் ஒரு பெட்டியில் இருந்தன. மீன் பிடிக்காது, பால் ஒத்துக்கொள்ளாது என்றெல்லாம் நானே எத்தனையோ எழுதிப் போட்டிருக்கிறேன். அன்று அந்தப் பெட்டிக்குக் கீழேதான் சாந்தினி நின்றார். ஒரு தாளை எடுத்து இரண்டு வரி எழுத எனக்கு ஒரு நிமிடம் போதும். தோஸ்ற் கொடுத்த பெண் சப்பாத்தைப் பையில் போட்டதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

அங்கிள் அந்த மாதம் மெலிந்துகொண்டே போனார். பியூரேயை வாயில் வாங்கி, விழுங்காமல் வைத்திருப்பார். பிறகு அது மூச்சுக்குழாய்க்குள் போய்ச் சளி நெஞ்சில் இறங்கியது. இத்தனை கவனமாக மசித்துக் கொடுத்தும் இறங்கியது. நாலாம் முறை அந்தப் புதன்கிழமை வந்தபோது அவர் இல்லை. ஒரு வியாழன் காலை வேலைக்கு வந்தபோது அவருடைய சீட்டு கட்டிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. அப்படித்தான் எங்களுக்குத் தெரியவரும்.

5. டயட்டீஷன் சொன்னது

இரண்டு மாதம் கழித்து ஸ்ராஃப் மீட்டிங் ஒன்று. வேறொரு பெரியவரைப் பற்றிய பேச்சு. அவருக்கும் விழுங்கும் கஷ்டம், புரைக்கேறாமல் இருக்கக் கெட்டியாக்கித் தரும் தேத்தண்ணி வேண்டாம், சாதாரணமாக அப்படியே குடிக்க வேண்டும் என்று பிடிவாதம். டயட்டீஷன் சாதாரணமாகச் சொன்னார்: அவருக்கு விளங்குகிறது, ஆபத்தை எடுத்துச் சொல்லியாகிவிட்டது, அவர் ஒத்துக்கொண்டு கையெழுத்து வைத்திருக்கிறார், நேர்ஸ் பக்கத்தில் இருக்கும்போது கொடுக்கலாம்.

நான் கையை உயர்த்திக் கேட்டேன். சாப்பாட்டுக்கும் அப்படிச் செய்யலாமா?

செய்யலாம் என்றார். எல்லோருக்கும் இல்லை. முதலில் பரிசோதிப்போம், எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்று பார்ப்போம். நினைவு தெளிவாக இருப்பவர் என்றால் முடிவு அவருடையது. யாராவது எழுதிப் போட்டால்தானே எங்களுக்குத் தெரியும் என்றார்.

மீட்டிங் முடிந்து எல்லோரும் எழும்பிப் போனார்கள். நான் கதிரையில் இருந்தேன். சூப்பர்வைசர் வந்து சுகமில்லையா என்று கேட்டார். சுகம்தான் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அடுத்த நாளுக்கு வெங்காயம் வெட்டினேன்.

6. கிச்சின் கதவில்

எங்கள் இல்லத்தில் இறந்தவர்களை நினைத்து இடைக்கிடை ஒரு சிறு கூட்டம் வைப்பார்கள். பெயர் வாசித்து, மெழுகுதிரி கொளுத்தி, குடும்பங்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பார்கள். அந்த மீட்டிங்குக்குப் பிறகு வந்த கூட்டத்தில் அங்கிளின் பெயரும் இருந்தது, சாந்தினி வந்திருந்தார். கூட்டம் முடிந்து, கோப்பையைக் கொடுக்கும் சாட்டில் கிச்சின் கதவில் நின்ற என்னிடம் வந்தார்.

“அக்கா, அண்டைக்கு நான் உங்களோடை கோவமாய் இருந்தனான். மனசிலை வைக்காதேங்கோ. நீங்கள் உங்கடை வேலையைத்தானே செய்தனீங்கள்.”

நான் கோப்பையை வாங்கி வைத்தேன்.

“அந்தக் கசரோல் எப்பிடிச் செய்யிறது எண்டு எழுதித் தாங்கோ. அப்பா ஒருநாளும் எழுதி வைக்கேல்லை. இப்ப ஐஞ்சு மணிக்கே வீட்டை போறன். என்ன சமைக்கிறதெண்டு தெரியாமல் நிக்கிறன்.”

மெனுத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினேன். நூறு பேர் கணக்கை நாலு பேருக்குக் குறைத்தேன். ஒரு இறாத்தல் அரைத்த இறைச்சி, ஒரு வெங்காயம், நாலு பல்லு உள்ளி, எல்லாவற்றையும் சட்டியில் வதக்கி மிளகும் உப்பும். ஒரு ரின் தக்காளி, வடித்த பீன்ஸ் ஒரு ரின், ஒரு கைப்பிடி சோளம். பத்து நிமிடம் கொதிக்கட்டும். இன்னொரு கிண்ணத்தில் ஒரு கப் சோளமா, அரைக் கப் கோதுமை மா, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு முட்டை, ஒரு கப் பால், கொஞ்சம் எண்ணெய். இறைச்சி சூடாக இருக்கும்போதே தட்டில் கொட்டி மேலே ஊற்ற வேண்டும் என்று எழுதி, அதன் கீழ் இரண்டு கோடு இழுத்தேன். நானூறு பாகை பாரன்ஹீட்டில் இருபத்தைந்து நிமிடம். குச்சியால் குத்தினால் மா ஒட்டக் கூடாது.

தாளை நீட்டினேன். அவர் பிடித்தார். நான் விடவில்லை.

“சாந்தினி, ஒண்டு சொல்லோணும். நான் அண்டைக்குச் சொன்னது பிழை. கேட்டிருக்கலாம். டயட்டீஷனிட்டைக் கேட்டிருந்தால், அங்கிள் ஓம் எண்டால், சைன் வச்சிட்டுக் குடுக்க வழி இருந்திருக்கு. எனக்கு அப்ப தெரியாது. ஆனால் கேட்டுப் பாத்திருக்கலாம். நான் கேக்கேல்லை.”

டைனிங் ரூமில் கதிரை அடுக்கும் சத்தம் கேட்டது. சாந்தினி என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஆர் சைன் வைக்கோணும்? நானோ?”

“இல்லை. அவருக்கு எல்லாம் விளங்கினதுதானே. அவர்தான்.”

“அப்பா வச்சிருப்பார்,” என்றார். “அவரின்ரை வலது கை நல்லாத்தானே இருந்தது.”

அவர் அழவில்லை. என்னை ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

“ஏனக்கா இப்ப சொன்னனீங்கள்?”

“அதை மறைச்சு வச்சுக்கொண்டு உதைத் தர ஏலாமல் கிடந்தது.”

“உங்களுக்கு இப்ப சுகமாய் இருக்குமோ?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர் மாதிரிக் கேட்டார்.

“இல்லை,” என்றேன்.

அவர் தாளை மடித்து ஹான்ட்பாக்கில் வைத்தார். கோட்டின் பட்டன்களைக் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். அவரை நான் பிறகு காணவில்லை. அந்தச் சாப்பாட்டை வீட்டில் செய்தாரா, செய்ய மனம் வந்ததா, எனக்குத் தெரியாது.

7. புதிதாக வருபவர்களுக்கு

சாந்தினியிடம் சொன்னது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. என் பாரத்தை அவர் தலையில் இறக்கிவிட்டேனோ என்று சில நாள் நினைப்பேன். சொல்லாமல் விட்டிருந்தால் அவர் நிம்மதியாகச் சமைத்திருப்பார். ஆனால் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு சமைத்திருப்பார்.

ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. சீட்டை மீறிச் சாப்பாடு கொடுக்காதீர்கள். தோஸ்ற் கொடுத்த பெண்ணின் பிழை பிழைதான். அங்கிளுக்கு நான் கொடுக்காமல் விட்டது என் பிழை இல்லை. அவர் கேட்டதை என்னோடேயே நிறுத்திவிட்டதுதான் பிழை. எங்களுக்கு மேலே இருப்பவர் ஓம் சொல்வாரா இல்லையா என்பதை நாங்களே முடிவு செய்துவிடக் கூடாது. இரண்டு வரி எழுதிப் பெட்டியில் போட வேண்டும். அடுத்த நாள் போய் வாசித்தார்களா என்று கேட்க வேண்டும்.

அதற்குப் பிறகு நான் வேலை செய்த வருடங்களில் யார் என்ன கேட்டாலும் எழுதிப் போட்டேன். பலதுக்கு இல்லை என்றுதான் பதில் வந்தது. ஆபத்து அதிகம், நினைவு தெளிவில்லை, குடும்பம் சம்மதிக்கவில்லை. இல்லை என்று பதில் வந்தபோதெல்லாம் டயட்டீஷனே மேசைக்கு வந்து, கேட்டவரின் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, ஏன் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு பேருக்கு ஓம் என்று வந்தது. ஒருவருக்கு ஐஸ்கிரீம். இன்னொருவருக்கு, நன்றாக நனைத்த ஒரு கரண்டி அப்பிள் பை. அவர் அதை அரை மணித்தியாலமாகச் சாப்பிட்டார். நேர்ஸ் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக நின்றோம். முடித்ததும், இனி வேண்டாம், போதும் என்று தட்டைத் தள்ளி வைத்தார்.