கையில் கடப்பாரை

போன வாரம் தருமபுரியில் ஓர் இரும்புக் கடையில் கடப்பாரை வாங்கினேன். வீட்டுக்குப் பின்னால் வாழைக்கன்று வைக்கலாம் என்று ஆசை. இந்த வயசில் குனிந்தால் நிமிர்த்திவிட ஆள் வேண்டும், அது வேறு கதை. கல்லாவில் இருந்த பையன் சிரித்தான். "என்னாங்க சார், எந்த பேங்க்குக்கு?" நானும் சிரித்திருக்கலாம். உள்ளங்கையில் ஒட்டிய இரும்பு வாடை மூக்கில் ஏறியதும் கோபம்தான் வந்தது.

எண்பதுகளில் நான் கடத்தூரில் டீ மாஸ்டர். பெரிய உத்தியோகம் ஒன்றும் இல்லை. பாலைப் பொங்க விடாமல் வாயை மட்டும் பொங்க விடுவது. கடைக்கு எதிரேதான் கூலிக்கு ஆள் நிற்கும் இடம். மேஸ்திரி வந்தால் முகத்தைப் பார்க்கமாட்டார், கையைப் பார்ப்பார். கரணை இருந்தால் கொத்து வேலை, கடப்பாரை இருந்தால் கிணற்று வேலை. வெறுங்கையனை யாரும் கூப்பிடுவதில்லை.

அந்தோணியண்ணன் கடப்பாரைக்காரர். டீ குடிக்கும்போதும் அது தோளில்தான்.

"எறக்கி வையேண்ணா, ஓடியா பூடும்?" என்பேன்.

"எம் பொண்டாட்டி கோவிச்சிக்கினு அவ அம்மா வூட்டுக்குப் போவா தம்பி. இது போவாது."

அப்புறம் மழை பொய்த்தது. வசதி உள்ளவர்கள் லாரியில் மெஷின் கொண்டுவந்து போர் போட்டார்கள். பத்துப் பேர் மாதக்கணக்கில் வெட்டுகிற ஆழத்தை அது ஒரே பகலில் துளைத்துவிட்டுப் போனது. மேஸ்திரி வருவது குறைந்தது. ஆடு காணோம், மோட்டார் காணோம் என்ற பேச்சு கூடியது. ஒரு நாள் விடியற்காலை, மேஸ்திரியின் லாரி நிற்கும் இடத்தில் போலீஸ் ஜீப் நின்றது. அவர்களும் கையைத்தான் பார்த்தார்கள்.

"இந்நேரத்துக்குக் கடப்பாரையோட என்னடா வேல?" என்று அந்தோணியண்ணனைக் கேட்டார் ஏட்டு.

"கெணறு வெட்டற வேலைங்க ஐயா."

"ஊரே போர் போட்டுக்கினு இருக்குது. எவன்டா கெணறு வெட்டறான்? ஏறுடா."

பாருங்கள், வேலை இல்லை என்பது ஏட்டுக்கும் தெரிந்திருக்கிறது. அதையே திருட்டுக்குச் சாட்சி ஆக்கிவிட்டார்! இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன். இருக்கிற நாலு பல்லுக்கு அது நல்லதில்லை.

திருட்டு எதுவும் ஒட்டாமல் அவரை விட்டுவிட்டார்கள். கடப்பாரையை விடவில்லை. அவர் மனைவி தெரசாக்கா ஸ்டேஷன் வாசலில் நின்று கத்தினார். "ஆள வுட்டீங்க, சரிங்க. கடப்பாரைய எப்பங்க வுடுவீங்க? அது இல்லாம இந்தாள வெச்சிக்கினு நான் என்னாங்க பண்றது?" உள்ளே சிரித்தார்கள்.

அந்தோணியண்ணன் வெறுங்கையோடு வந்து நின்றார், திரும்பிப் போனார். புதுசு வாங்க வழியில்லை. இரவல் யார் தருவார்கள், அவரவரும் அதை வைத்துத்தானே நிற்கிறார்கள்? பிறகொரு காலை அவர் தோளில் கடப்பாரை இருந்தது. ரோட்டு வேலை நடக்கும் இடத்திலிருந்து எடுத்தது. நான் டீயை நீட்டினேன். அன்று மேஸ்திரி அவரைக் கூப்பிட்டார். லாரியில் கால் வைப்பதற்குள் ஜீப் வந்துவிட்டது.

"அன்னிக்கே சொன்னேன்ல, இவன் திருடன்னு!" ஏட்டு கடைவீதிக்கே கேட்கும்படி சொன்னார்.

அண்ணன் மறுக்கவில்லை. "எடுத்தது நெசந்தாங்க. இன்னிக்கி வேல கெடச்சிருக்குதுங்க ஐயா. போயிட்டு சாயந்தரம் நானே வந்துடறேன்."

விடவில்லை.

இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை. வேலைக்குப் போகிறவர்கள் நேராக பெங்களூர் பஸ் ஏறிவிடுகிறார்கள். கிணறுகளைத் தூர்த்து மனை போட்டாயிற்று. அண்ணனும் அக்காவும் எந்தப் பக்கம் போனார்கள் என்று சொல்லக்கூட ஆள் இல்லை. கடப்பாரையோட என்னடா வேல என்ற ஏட்டின் கேள்வி மட்டும் போகவில்லை. "வாழைக்கன்னு வெக்கத்தான் தம்பி" என்று கல்லாப் பையனுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் நானும் கடையைவிட்டு இறங்கினேன்.