ஆனா அக்காவின் காலி அறை

விடுதியில் இடம் கிடைக்காத மாணவர்களுக்கு வெளியே வாடகை அறை பார்த்துக் கொடுக்க எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே இரண்டு மேசை, ஒரு தொலைபேசி, ஓர் அறிவிப்புப் பலகை, அவ்வளவுதான். ஒரு மேசை என்னுடையது. இன்னொன்றில் இருபத்தேழு வருஷமாக அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை, என்னைவிட மூத்தவள், அதனால் அக்கா. மாணவர்கள் வைத்த பெயர் ‘ஆனா அக்கா’.

காரணம் இருக்கிறது. பலகையில் ஒட்டுவதற்கு முன் ஒவ்வோர் அறையையும் அக்கா நேரில் போய்ப் பார்ப்பாள். வீட்டுக்காரர் அளந்துவிடுவதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் குழாயைத் திறந்து பார்ப்பாள், கட்டிலில் உட்கார்ந்து பார்ப்பாள், சன்னலைச் சாத்திவிட்டுச் சுவரில் காது வைத்துக் கேட்பாள். பிறகு அட்டையில் தன் கைப்பட எழுதுவாள். “காற்றோட்டமான அறை. ஆனா எதிரே பட்டறை, காலை ஏழு மணிக்கே இரும்பு அடிப்பார்கள்.” “நல்ல குடும்பம். ஆனா குளியலறை ஒன்று, ஆட்கள் ஆறு.” மாணவர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். சிரித்தாலும் அதை நம்பித்தான் போவார்கள்.

வீட்டுக்காரர்கள்தான் மல்லுக்கு வருவார்கள். ஒருவர் மேசையைத் தட்டி, “என் வீட்டப் பத்தி இப்படி எழுத நீ யாரும்மா?” என்று கத்தினார்.

“சுவர்ல ஈரம் இருக்கா, இல்லையா?” என்றாள் அக்கா.

“இருக்கு.”

“அதத்தானே எழுதியிருக்கேன்!”

மனிதர் வந்த வழியே போய்விட்டார்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கணவனை இழந்த தன் பெரியக்காவோடு இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தாள். இருவருக்கும் சண்டையில்லாத நாளே கிடையாது. விளக்கை அணைக்கவில்லை, துணியை மடிக்கவில்லை என்று எல்லாம் உப்புச்சப்பில்லாத விஷயங்கள். இந்த வருஷத் தொடக்கத்தில் பெரியக்கா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாள். அதிலிருந்து அக்கா வேலை முடிந்தும் கிளம்ப மாட்டாள். முடித்த கோப்புகளையே மறுபடி புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் மதியம் சாப்பிடும்போது அவளே சொன்னாள். “வீட்டுக்குப் போகவே புடிக்கலடி. வெள்ளிக்கிழமை இங்கேருந்து போனா திங்கக்கிழமை வரைக்கும் ஒரு வார்த்தை பேச ஆளில்ல. திங்கக்கிழமை உன்கிட்ட வாயத் தொறக்கும்போது தொண்டை கரகரங்குது.”

“பெரியக்கா அறைய ஒரு பொண்ணுக்கு வாடகைக்கு விடுங்களேன். நம்மகிட்ட இல்லாத புள்ளைங்களா?” என்றேன்.

“அட, எனக்கு இது தோணவே இல்ல பாரேன்!” என்றாள். மாசக்கணக்கில் பார்க்காத சிரிப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அறைக்கு வெள்ளையடித்தாள். புது மெத்தை போட்டாள். உட்கார்ந்து படிக்க முதுகு வலிக்காத நாற்காலி வேண்டும் என்று மூன்று கடை ஏறி இறங்கினாள். எல்லாம் முடிந்து ஒரு காலையில் அட்டை எழுதி ஒட்டினாள். நான் போய்ப் படித்தேன். “வெளிச்சமான அறை. ஆனா தூரம், இரண்டு பேருந்து மாற வேண்டும். வீட்டுக்காரிக்கு வயது ஐம்பத்தெட்டு, சின்னப் பிள்ளைகளோடு இருந்து பழக்கமில்லை. முன்பு இந்த அறையில் இருந்தவர் இங்கேயே இறந்தார்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “கிறுக்கா புடிச்சிருக்கு உங்களுக்கு? செத்தத எழுதச் சொல்லி யாரு கேட்டா?”

“நாளைக்குப் பக்கத்து வீட்டுல சொல்லித் தெரிஞ்சா அந்தப் புள்ள பயந்துடாதா?”

“அதுக்காக? சொந்த வீட்டுக்குமா இப்படி எழுதுவாங்க?”

“ஊரான் வீட்டுக்கு எழுதிட்டு என் வீட்டுக்கு மறைச்சா நல்லாவாடி இருக்கும்?” என்றாள். அவளோடு பேசி ஜெயிக்க முடியாது.

அந்தப் பருவத்தில் பலகையில் நாற்பத்தொரு அட்டை. ஒவ்வொன்றாகக் கழன்றன. தொலைபேசி அடித்தால் என் கை போவதற்குள் அக்கா எடுத்துவிடுவாள். கேட்பதெல்லாம் அடுத்தவர் அறையாகத்தான் இருக்கும். “அது போயிடுச்சும்மா” என்று சொல்லி வைத்துவிடுவாள். திங்கட்கிழமை வகுப்பு தொடங்க வேண்டும், வெள்ளிக்கிழமை பலகையில் அவள் அட்டை மட்டும் இருந்தது.

அன்று நாலு மணிக்கு ஒரு பெண் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். அட்டையை இரண்டு தடவை படித்தாள். “ஆன்ட்டி, எங்கம்மாவும் வீட்லதான் இறந்தாங்க. எனக்கு அதுல பயமில்ல. இந்த அறையப் பாக்கலாமா?” என்றாள்.

எனக்கு எழுந்து குதிக்கலாம் போல இருந்தது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், என்ன படிப்பு என்று கேட்டாள். வேதியியல் ஆராய்ச்சி என்றாள் அந்தப் பெண்.

“லேப் எத்தன மணிக்கு முடியும்?”

“ஒன்பது, ஒன்பதரை ஆயிடும் ஆன்ட்டி.”

அக்கா வீட்டுப் பக்கம் எட்டரைக்கு மேல் மணிக்கு ஒரு பேருந்துதான். அக்கா தொலைபேசியை எடுத்து, நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு வீட்டுக்கார அம்மாவைப் பிடித்தாள். இந்த வருஷம் யாருக்கும் விடப் போவதில்லை என்று சொல்லியிருந்தவர் அவர். பத்து நிமிஷம் கெஞ்சி, மிரட்டி, மாடி அறையை வாங்கிக் கொடுத்துவிட்டாள். அந்தப் பெண் கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

“கைக்கு வந்தத இப்படித் தட்டிவிட்டுட்டீங்களே!” என்று நான் கத்தியேவிட்டேன்.

“அந்தப் புள்ள தெனம் ராத்திரி பஸ் ஸ்டாப்புல ஒத்தையா நிக்கணும்டி. எனக்குத் தொணை வேணும்னு அவள அங்க நிக்க வைக்கவா?”

அக்கா தன் அட்டையைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்தாள். கைப்பையை எடுத்தாள். மறுபடி கீழே வைத்தாள்.

“ஏண்டி, இன்னிக்கு உன்கூட உன் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் உக்காந்துட்டுப் போகட்டுமா?”

கூட வேலை பார்த்த பதினோரு வருஷத்தில் அவள் தனக்கென்று என்னிடம் எதுவும் கேட்டதில்லை. என் வீட்டில் மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகள். கூடத்தில் மடிக்காத துணி குவிந்து கிடந்தது. யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“பெரியவனுக்குத் திங்கக்கிழமை பரீட்சை அக்கா. அடுத்த வாரம் வாங்களேன்.”

“அடடா, படிக்கட்டும், படிக்கட்டும். நல்லா எழுதச் சொல்லு” என்று சொல்லி, மின்விசிறியை அணைத்துவிட்டு அக்கா கிளம்பினாள். நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள். என் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கவே இன்னும் பத்து நாள் இருந்தது.