நாற்பத்தைந்து நிமிடப் பாடம்

அந்தத் தெருவில் டீச்சர் என்றால் அவள் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் நாலு பேர் அங்கே குடியிருந்தாலும் அவர்களுக்கெல்லாம் கணக்கு, அறிவியல் என்று முன்னால் ஓர் ஒட்டு வேண்டியிருந்தது. பியானோ டீச்சர் மட்டும் வெறும் டீச்சர். பாடம் போக மிச்ச நேரத்தில் மெட்டுப் போடுவாள். இரண்டு பள்ளிகளுக்கு வாழ்த்துப் பாட்டு, ஒரு சோப்பு விளம்பரம், அப்புறம் தண்ணீர் வாரியத்துக்கு ஃபோன் செய்தால் ‘காத்திருக்கவும்’ என்றதும் ஓடத் தொடங்கும் ஒன்றரை நிமிட இசை.

“லட்சம் பேர் கேக்குற மெட்டு. அத்தனை பேரும் திட்டிக்கிட்டே கேக்குறாங்க” என்று அவள் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவரும் அதே வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர்தான்.

அவர் இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. ஒரு வியாழக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் படுத்தார். நாலு மணிக்கு ஒரு நர்ஸ் பாடத்துக்கு வந்தாள். முப்பத்தெட்டு வயதில் ஆசைப்பட்டுப் பியானோ கற்க வந்தவள். நாலே முக்காலுக்குப் பாடம் முடிந்து, அவளை வாசல்வரை அனுப்பிவிட்டு, டீ போட்டு எடுத்துக்கொண்டு டீச்சர் உள்ளே போனாள். உடம்பில் சூடு இருந்தது, மூச்சு இல்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குள் நடந்திருக்கும் என்றார் டாக்டர்.

டீச்சர் அழவில்லை. இப்போது அழுவாள், பிறகு அழுவாள் என்று வந்தவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டுக் கிளம்பிப்போனார்கள். வெளியூரிலிருந்து வந்த மகள் இரண்டு வாரம் அம்மாவைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். அம்மா நேரத்துக்குச் சாப்பிட்டாள், தூங்கினாள், பாத்திரம் துலக்கினாள். மகள் கிளம்பிய மறுநாள் பாடங்கள் தொடங்கின. கால் மரத்துப்போனால் நடக்க முடியும், தரைதான் தெரியாது. அப்படி இருந்தது அவளுக்கு.

மூன்றாவது மாதம் ஒரு பள்ளியில் ஆண்டுவிழாவுக்கு மெட்டுக் கேட்டார்கள். உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. நல்ல மெட்டு, துள்ளல்கூட இருந்தது. வாசித்து முடித்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்தாள். அவளைக் கேட்காமலே இரண்டும் போய் வேலையை முடித்துவிட்டு வந்திருந்தன. அதைக் கண்டு அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. கைக்குப் பழக்கமில்லாத வேலை ஏதாவது வேண்டும் என்று தோன்றியது. மறுநாள் கோடு போடாத நோட்டு ஒன்று வாங்கிவந்து நாவல் எழுத ஆரம்பித்தாள்.

காலை ஆறிலிருந்து ஏழரை வரை சாப்பாட்டு மேஜையில் எழுதுவாள். வார்த்தை விஷயத்தில் அவள் கத்துக்குட்டி. ஒவ்வொரு வரியையும் இழுத்துப்பிடித்துத்தான் உட்கார வைக்க வேண்டியிருந்தது. கதை ஒரு மீட்டர்காரனைப் பற்றியது. எல்லார் வீட்டுப் பின்பக்கத்தையும் பார்த்தவன், யார் வீட்டில் குழாய் ஒழுகுகிறது, யார் வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வதில்லை என்று மீட்டரைக் குனிந்து பார்க்கும் நேரத்துக்குள் தெரிந்துகொள்பவன். வீட்டுக்காரர் சாப்பிடும்போது சொன்னவைதான் பாதிக்கு மேல். பத்து அத்தியாயம் அப்படியே ஓடிவிட்டது.

பதினோராம் அத்தியாயத்தில் மீட்டர்காரன் சாக வேண்டும். ‘நாலு மணிக்கு மாணவி வந்தாள்’ என்று எழுதினாள். அடுத்த வரி வரவில்லை. மாணவி வந்தது ஞாபகம் இருந்தது. டீ டம்ளரும் ஞாபகம் இருந்தது. நடுவில் இருந்த நாற்பத்தைந்து நிமிடம் ரப்பரால் அழித்ததுபோல் வெள்ளையாக இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் எந்தப் பிள்ளை எந்த விரலைத் தப்பாக வைத்தது என்று சொல்லக்கூடியவள் அவள். மூன்று வாரம் அந்த ஒரே வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு நர்ஸுக்கு ஃபோன் செய்தாள். ஆஸ்பத்திரியில் நேரம் மாற்றிவிட்டார்கள் என்று சொல்லி அவள் அந்த வியாழனோடு பாடத்தை நிறுத்தியிருந்தாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு நர்ஸ் வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். டீச்சர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

“அன்னிக்கு என்ன பாடம் நடத்தினேன்னுகூட ஞாபகம் வரல. நீ சொன்னா எழுதிக்குவேன்.”

“எழுதவா டீச்சர்? இதையா?”

“ஆமா. சொல்லும்மா.”

நர்ஸ் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். “ரெண்டு கையும் சேர்த்து வாசிக்கிற பாடம். எனக்கு இடது கை பின்னாடியே வந்துச்சு. நீங்க தாளம் எண்ணிக்கிட்டு இருந்தீங்க. பத்து நிமிஷம் இருக்கும். உள்ளேர்ந்து சார் குறட்டை விட ஆரம்பிச்சார்.”

“அவர் குறட்டை விடுவார்.”

“சத்தமா இருந்துச்சு. எனக்கு எண்ணிக்கை தப்பிப்போச்சு. நீங்க சிரிச்சீங்க. ‘இவர் வேற தாளத்துல போறார்’னு சொல்லிட்டு எழுந்துபோய்…” அவள் நிறுத்திவிட்டாள்.

“எழுந்துபோய்?”

“கதவைச் சாத்திட்டு வந்தீங்க டீச்சர்.”

டீச்சரின் பேனா நோட்டின் மேல் நின்றது. கதவின் பித்தளைப் பிடி உள்ளங்கையில் குளிர்ந்திருந்தது மட்டும் ஞாபகம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தோமா என்று தேடினாள். அது வரவில்லை.

“அது சாதாரணக் குறட்டை இல்ல” என்றாள் நர்ஸ். “வார்டுல நான் எத்தனை பேர்கிட்ட கேட்டிருக்கேன் அந்தச் சத்தத்தை. என்னவோ போல இருக்கேன்னு நினைச்சேன். நினைச்சுட்டு, மறுபடியும் முதல்லேர்ந்து வாசிச்சேன். லீவு நாள்தானே, இங்கே நான் நர்ஸ் இல்லையேன்னு இருந்துட்டேன். மூஞ்சியில முழிக்க முடியாமத்தான் வரல.”

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். டீச்சர் எழுந்து தண்ணீர் கொண்டுவந்தாள். பக்கத்தில் நின்று தோளைத் தொட வேண்டும் என்று தோன்றியது, தொட்டாள். பிறகு உட்கார்ந்தாள்.

“அப்பவே பார்த்திருந்தா பொழைச்சிருப்பாரா?”

“தெரியாது டீச்சர். பொய் சொல்ல மாட்டேன். சிலர் பொழைச்சிருக்காங்க. பேச்சு வராது, ஒரு பக்கம் கை கால் வராது. நிறைய பேர் பொழைக்கல.”

டீச்சர் அதையும் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்ததும் கேட்டாள், “இப்போ வாசிக்கிறியா வீட்ல?”

“பியானோ ஏது வீட்ல?”

“வியாழக்கிழமை வேற ஆளுக்குக் கொடுத்துட்டேன். செவ்வாய்க்கிழமை காலியா இருக்கு. வா.”

நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

மறுநாள் காலை ஒரே மூச்சில் எட்டுப் பக்கம் வந்தது. குறட்டை, சிரிப்பு, தாளம், கதவு எல்லாவற்றையும் நடந்த வரிசையிலேயே எழுதினாள். ‘ஐயோ’ என்று ஒரு இடத்தில் போட்டுப்பார்த்தாள். கதையில் வரும் மீட்டர்காரன் மனைவி அப்போது ஐயோ என்று நினைக்கவில்லை என்பதால் அடித்துவிட்டாள். மத்தியானம் மகளுக்கு ஃபோனில் படித்துக்காட்டினாள். மகள் கடைசிவரை கேட்டாள்.

“இதைப் புத்தகத்துல போடப்போறியாம்மா?”

“ஆமா.”

“எதுக்கும்மா உன்னை நீயே இப்படி…”

“நடந்தது இதுதானேடி.”

மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “உனக்கு அழுகை வரலையா?”

“வரல. வந்தா சொல்றேன்” என்றாள் டீச்சர். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மகள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

நாவல் பதினாறு அத்தியாயத்தில் முடிந்தது. கடைசி ஐந்தில் அந்த மனைவி எழுந்திருக்கிறாள், பாடம் நடத்துகிறாள், சாப்பிடுகிறாள், படுக்கிறாள். சின்னப் பதிப்பகம் ஒன்று எடுத்துக்கொண்டது. பதிப்பகக்காரர் கையெழுத்துப் பிரதியோடு வீட்டுக்கு வந்தார்.

“எல்லாம் நல்லா இருக்கு டீச்சர். கடைசியில மட்டும் கொஞ்சம் இழுக்குது. அந்தம்மா ஒரு இடத்துல உடைஞ்சு அழுதா படிக்கிறவங்களுக்கு ஒரு நிறைவா இருக்கும்.”

டீச்சர் பிரதியைப் புரட்டினாள். எந்த இடத்தில் என்று உண்மையாகவே தேடிப்பார்த்தாள். உள்ளே செவ்வாய்க்கிழமைப் பாடத்துக்கு வந்த நர்ஸ் இடது கையை மட்டும் தனியாக வாசித்துக்கொண்டிருந்தாள். முன்னைக்கு இப்போது தேவலை.

“எனக்குத் தெரிஞ்சு அவ இன்னும் அழல சார்” என்றாள் டீச்சர். “அப்படியே போட்டுடுங்க.”