இன்னொரு சுற்று

போகிற இடம் என்று ஒன்று இல்லாமல் யாராவது பஸ் ஏறுவார்களா? பேருந்து நிறுவனத்தின் திட்டப் பிரிவில் மேலாளர் கேட்ட கேள்வி இதுதான். அந்தப் பெரிய ஊரில் பஸ் ஏறுகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். எப்படியாவது கூட்டத்தைக் கூட்டுங்கள் என்று மேலிடம் நெருக்கியதில் பிரிவே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. ஒருவர் பஸ்ஸுக்குப் புது வர்ணம் என்றார். ஒருவர் ஏசி என்றார். அந்தப் பிரிவில் வேலை பார்த்த அவள் விடுமுறைச் சீட்டு என்றாள்: ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு சீட்டு வாங்கினால் போதும், நாள் முழுக்க எந்த பஸ்ஸிலும் ஏறலாம், இறங்கலாம்.

“எதுக்கும்மா? காத்து வாங்கவா?” என்றார் மேலாளர்.

“ஞாயித்துக்கிழமை நம்ம பஸ்தான் சார் காத்து வாங்குது. போறதுக்கு எடம் இருக்கறவங்க எப்படியும் ஏறிடுவாங்க. எடம் இல்லாதவங்களையும் ஏத்திப் பாப்போமே.”

மேலாளர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் சிரித்துக்கொண்டே கத்தி வைக்கிற ரகம். நாலு ஞாயிறு பார்க்கலாம், ஆள் ஏறாவிட்டால் இந்தப் பேச்சையே மூட்டை கட்டிவிட வேண்டும் என்றார். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். போகிற இடம் இல்லாமல் பஸ் ஏறிய குடும்பம் ஒன்றை அவளுக்கு நன்றாகத் தெரியும் என்பதை அங்கே சொல்லவில்லை.

அவள் வளர்ந்தது ஒரே அறை கொண்ட வீட்டில். கீழே தகரக் கடை, மேலே இவர்கள். அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ். காலையில் வந்து வெள்ளைச் சீருடையை அலசிக் கொடியில் போடுவாள். அது வாளியில் சொட்டிக்கொண்டிருக்கும்போதே சுருண்டு படுத்துவிடுவாள். வார நாட்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைதான் வம்பு. அவளும் தம்பியும் எவ்வளவு வாயைப் பொத்திக்கொண்டு விளையாடினாலும் கடைசியில் ஏதாவது ஒரு பாத்திரம் உருளும். அம்மா கண்ணைத் திறக்காமலே “கடவுளே” என்பாள்.

அப்பா பஸ் டிப்போவில் டயர் மாட்டுகிறவர். குடும்பத்துக்கு இலவசப் பாஸ் உண்டு. “கெளம்புங்க, ஊரு ஒழுங்கா இருக்கான்னு பாத்துட்டு வருவோம்” என்று இரண்டு பேரையும் கிளப்பிக்கொண்டு போவார். அப்போது மாடி பஸ் ஓடியது. மேலே முதல் இருக்கையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அதனால் அப்பா அவளுக்கு வைத்த பெயர் முன்சீட்டு. தம்பி ஒவ்வொரு நிறுத்தத்திலும் வாயாலேயே பிரேக் போடுவான். அவர்கள் தெருமுனை மரத்தின் கிளைகள் கண்ணாடியில் சரசரவென்று உரசும்போது மூன்று பேரும் சேர்ந்து குனிவார்கள். நடுவில் கண்ணாடி இருக்கிறது என்று தெரியும், இருந்தாலும் குனிவார்கள். முதலில் குனிகிறவர் அப்பாதான். அவர் கையில் ரப்பர் வாசனையும் சோப்பு வாசனையும் கலந்து வரும். அவர் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் டிப்போவுக்குள் நுழைந்தால் அந்த வாசனைக்கு அவள் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நகர்கிறாள்.

அந்த பஸ் அவர்கள் வீட்டைத் தாண்டித்தான் போகும், வரும். பஸ்ஸின் மாடியும் வீட்டு ஜன்னலும் ஒரே உயரம். ஜன்னலில் நீலத் திரை. திரை விலகியிருந்தால் இறங்கி வீட்டுக்குப் போகலாம். மூடியிருந்தால் அப்பா, “அம்மா இன்னும் எழுந்திருக்கல. இன்னொரு சுத்து” என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக அக்காவும் தம்பியும் திரை மூடியிருக்க வேண்டும் என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொள்வார்கள்.

இப்போது அம்மா அவளோடு இருக்கிறாள், தூக்கம்தான் அம்மாவோடு இல்லை. வருடக்கணக்காக ராத்திரி முழுக்க விழித்திருந்த உடம்பு, இனிமேல் தூங்கு என்றால் கேட்குமா? இருட்டில் உட்கார்ந்து துவைத்த துணியையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருப்பாள். பகலிலும் கண் மூடாது.

“வாம்மா, என் பஸ்ல ஒரு நாள் போயிட்டு வரலாம்” என்று மகள் கூப்பிடும்போதெல்லாம், “எனக்கு எங்க போறதுக்கு இருக்கு?” என்பாள். மேலாளரே தேவலை என்று இருக்கும் மகளுக்கு.

முதல் மூன்று ஞாயிறும் விடுமுறைச் சீட்டு ஈ ஓட்டியது. நாலாவது ஞாயிற்றுக்கு முந்தின மாலை அவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னடி, மூஞ்சி தொங்குது?”

“நாளைக்குத்தான் கடைசி. யாரும் ஏறலைன்னா நிறுத்திடுவாங்க.”

அம்மா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். “சரி, நான் வர்றேன். ஒரு ஆளாவது கூடுமில்ல.”

மறுநாள் நிறுத்தத்தில் நின்றபோது அம்மா கேட்டாள். “அந்த நீலத் திரை ஞாபகம் இருக்கா?”

“மறக்குமா? நீ அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவ.”

“எங்க தூங்கினேன். ரெண்டு சுத்துல முழிப்பு வந்துடும். திரைய ஒரு விரல் அளவு வெலக்கிப் பாப்பேன். மூணு பேரும் மரத்துக்குக் குனிஞ்சு அப்படி சிரிப்பீங்க. தொறந்தா எறங்கிடுவீங்களேன்னு மூடியே வெச்சிருவேன்.”

“நீ மட்டும் உள்ள தனியா உக்காந்திருந்தியா?”

“பின்ன? உங்கப்பாவுக்கும் அந்த ஒரு நாள்தானடி.”

அவளுக்குக் கோபம் வந்தது. திரையைத் திறந்து, நானும் வருகிறேன் என்று ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா? நாலு பேராக ஒரு நாள் கூடப் போகவில்லையே என்று இருந்தது. அதற்குள் பஸ் வந்துவிட்டது.

மாடி பஸ் எல்லாம் இப்போது ஏது. இது சாதாரண பஸ்தான். முன் இருக்கையில் அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். ஊரையே முதல் தடவை பார்ப்பது போல அம்மா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டாள். வழியில் அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் ஏறினார். அரட்டை அடித்துக்கொண்டு நாலைந்து பெண்கள் ஏறினார்கள். கூட்டம் என்று சொல்ல முடியாது, காலி என்றும் சொல்ல முடியாது. அடுத்த நிறுத்தத்தில், கையில் இரண்டு வாண்டுகளோடு மேலாளர் ஏறினார்.

“சும்மா, பஸ் எப்படி ஓடுதுன்னு பாக்க வந்தேன்” என்றார்.

“இல்ல, அம்மா தூங்கணும்னு எங்கள வெளிய கூட்டிட்டு வந்தாரு” என்றது மூத்தது.

மேலாளர் அசடு வழிந்தார். “வீட்ல கைக்கொழந்தைம்மா. ராத்திரியெல்லாம் அவங்களுக்குத் தூக்கமில்ல.”

சின்னது அவர் சட்டையை இழுத்து, “அடுத்த வாரமும் வரலாமாப்பா?” என்றது. அவர் அவளைப் பார்த்தார். பிறகு, “வரலாம்” என்றார்.

இதை அம்மாவிடம் சொல்லலாம் என்று திரும்பினால், அம்மாவின் தலை அவள் தோளில் சாய்ந்திருந்தது. கண் மூடியிருந்தது. அசந்துவிட்டாளா, இல்லை பழையபடி திரையை இழுத்துவிட்டுக்கொண்டு இருக்கிறாளா, தெரியவில்லை. அவள் தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

பஸ் நின்றது. “கடைசி ஸ்டாப் வந்தாச்சும்மா, எறங்கலையா?” என்றார் மேலாளர்.

“அம்மா இன்னும் எழுந்திருக்கல சார்” என்றாள் மெல்ல. “இன்னொரு சுத்து.”