கேக் வகுப்பு நடந்த சனிக்கிழமைகள்

முதல் வகுப்புக்கு வந்திருந்தவர்கள்: நான், என் நண்பன், எங்கள் நூலகத்தின் பொறுப்பாளர் அக்கா, பிள்ளைகளை எங்களிடம் அனுப்பும் அம்மாக்கள் ஆறு பேர், ஏழாவதாக அந்த அம்மாக்கள் யாருக்கும் அறிமுகமில்லாத ஓர் அம்மா. வராதவர், கேக் செய்யத் தெரிந்த ஒரே ஆள். அவர் அக்காவின் சித்தி மகள். மகனுக்குக் காய்ச்சல் என்று கூடுவாஞ்சேரியிலிருந்து காலையிலேயே போன் செய்துவிட்டார். மைதாவும் முட்டையும் புது மின்சார பீட்டரும் மேசைமேல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. நண்பன் செல்போனில் வீடியோ தேடிக்கொண்டே என் காதில் சொன்னான்: "ஆம்லெட்டுன்னா நான் போட்ருவேன் மச்சான். இது எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே தெரியல."

ஆனாலும் வகுப்பைத் தள்ளிவைக்க வழியில்லை.

திருவிடந்தையில் ஒரே ஓர் அறையில் நாங்கள் சிலர் சனி, ஞாயிறுகளில் அந்த நூலகத்தை நடத்துகிறோம். கதைப் புத்தகம், வீட்டுப்பாடம், கொஞ்சம் கேரம். அங்கே வரும் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒருநாள் யானை வரைந்துகொண்டே, அப்பா அம்மாவை அடிக்கும்போதெல்லாம் தான் பீரோவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து ஒன்று, இரண்டு எண்ணுவதாகச் சொன்னாள். தனக்கு நூறுக்கு மேலேயும் எண்ண வரும் என்பதைத்தான் அவள் பெருமையாகச் சொல்ல வந்தாள்.

என்ன சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு முன்பே பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். துருவிக் கேட்காதே. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதே. அதனால், "நீ சொன்னது நல்லது பாப்பா. உதவி பண்றவங்ககிட்ட நான் இத சொல்லப்போறேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு யானையின் நாலாவது காலுக்குப் போய்விட்டாள்.

அதுவரைக்கும் சரியாகத்தான் இருந்தேன். பிறகு பொறுப்பாளர் அக்காவிடம் போய், அவளுடைய அப்பாவிடம் நான் பேசுகிறேன், டீக்கடையில் வைத்து அண்ணன் தம்பி மாதிரி நாலு வார்த்தை எடுத்துச் சொல்கிறேன் என்றேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். எதையும் பேசிப் புரியவைத்துவிடலாம் என்று எனக்கு ஒரு நம்பிக்கை உண்டு. அக்கா எனக்கு மூன்று வயதுதான் மூத்தவர், கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை. அவர் என்னை முழுதாகப் பேசவிட்டார்.

"நீ பேசிட்டு பஸ் ஏறிடுவ. அம்மாவும் பொண்ணும் அந்த வீட்டுக்குத்தான் போகணும்."

டீக்கடை யோசனையை அதோடு விட்டேன்.

அக்கா அன்றே குழந்தைகளுக்கான உதவி எண்ணை அழைத்துச் சிறுமி சொன்னதை அப்படியே சொன்னார். அடுத்த ஞாயிறு, சிறுமியின் அம்மா புத்தகம் திருப்பித் தர வந்தபோது அவரிடம் அலமாரிக்குப் பின்னால் தனியாகப் பேசினார். முதலில் சிரித்து மழுப்பிய அந்த அம்மா பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கணவர் வேன் ஓட்டுகிறார். எங்கே போனாலும் அவரே கொண்டுவந்து விடுவார், அவரே அழைத்துப் போவார். போனையும் அவர்தான் பார்ப்பார். செங்கல்பட்டில் பெண்களுக்கான உதவி மையம் இருப்பது தெரியும், ஆனால் அங்கே போவது நடக்காது. அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். கணவருக்குச் சந்தேகம் வராமல், விவரம் தெரிந்த ஒருவரோடு பேசக் கொஞ்ச நேரம். இருப்பதா, போவதா என்பதை அதற்குப் பிறகு அவரே முடிவு செய்துகொள்வார்.

மையத்து ஆலோசகர் அக்காவிடம் போனில் சொன்னாராம்: "அவங்களால வர முடியலன்னா நான் வரேன். ஏதாவது ஒரு கிளாஸ் வையுங்க. ஆனா அது நெஜமாவே நடக்கணும். வீட்டுக்குப் போறப்ப கையில எதாவது இருக்கணும்."

தையல் என்றால் ஒரு ஜாக்கெட் முடிய மாதமாகும். கேக் அன்றைக்கே வீடு போகும். ஆக, கேக். அந்த ஏழாவது அம்மா ஆலோசகர்தான். விஷயம் தெரிந்தது அக்கா, நான், நண்பன் மூவருக்கு மட்டும். எங்கள் குழுவிலேயே மற்றவர்களிடம் சொல்லவில்லை. வழக்கமாக நாங்கள் நாலு பென்சில் கொடுத்தாலும் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போடுகிறவர்கள். இந்த வகுப்பில் செல்போன் வீடியோ பார்க்க மட்டும் என்று அக்கா சட்டம் போட்டார்.

என் வேலை பீட்டர் ஓட்டுவது. அது போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. மூலை மேசையில் ஆலோசகரும் அந்த அம்மாவும் முட்டை உடைத்துக்கொண்டே பேசுவார்கள். வீடியோவில் மூன்று நிமிடம் அடிக்கச் சொன்னார்கள். நான் அவர்கள் பேசி முடிக்கும்வரை அடித்தேன். குக்கரில் உப்பைக் கொட்டி, மேலே தட்டை வைத்து வேகவிட்டோம். வெளியே வந்ததை ஓர் அம்மா விரலால் தட்டிப் பார்த்தார். "தம்பி, கதவு தட்ற மாதிரி சத்தம் வருது."

கணவர் எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். அந்த முதல் கேக்கை வேனிலேயே கடித்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை கம்மி என்று தீர்ப்புச் சொன்னார். மற்ற கணவர்களிடம் எப்படிப் பேசுவேனோ அப்படியே இவரிடமும் பேச வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று ஆலோசகர் எனக்குச் சொல்லியிருந்தார். அந்த மனிதரோடு நின்று சர்க்கரையைப் பற்றிப் பேசியதுதான் அந்த நாட்களில் எனக்குக் கஷ்டமாக இருந்த ஒரே வேலை. கேக்கோ வாரத்துக்கு வாரம் தேறிவந்தது. காலி டப்பாவைத் திருப்பிக் கொண்டுவரும்போது அதன் அடியில் அந்த அம்மா தன்னுடைய, மகளுடைய சான்றிதழ்களை ஒவ்வொன்றாக வைத்துக் கொண்டுவந்தார். ஆலோசகர் அவற்றைத் தன் பைக்கு மாற்றிக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை பீட்டர் பாதியில் நின்றது. கரண்ட் போய்விட்டது. திடீரென்று விழுந்த அமைதியில் "கோர்ட்டுல" என்ற ஆலோசகரின் குரல் மட்டும் அறை முழுக்கக் கேட்டது. வாசலில் அந்தக் கணவர் நின்றிருந்தார். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்க வந்தாராம். நான் நின்றுபோன பீட்டரின் சுவிட்சைத் திரும்பத் திரும்ப அழுத்தினேன். ஆலோசகர் குரல் மாறாமல், கோர்ட்டுல வேலை செய்யும் தன் தங்கைக்கு முட்டை ஆகாது, என்ன செய்யலாம் என்று கேட்டார்.

ஒன்றும் அறியாத இன்னோர் அம்மா அதற்குள் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார்.

"இன்னா அண்ணாத்த, பார்த்துகினே நிக்கிற? கரண்டு பூட்ச்சு. வந்து கையால கலக்கிக் குடு."

"அவுரு வூட்ல டம்ளரு கழுவுனாவே பெருசு," என்றார் இன்னொருவர்.

அறையே சிரித்தது. சிறுமியின் அம்மாவும் சிரித்தார். கணவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு டீக்கடைக்குத் திரும்பினார். அதன் பிறகு அவர் வாசல் பக்கம் வரவே இல்லை.

வீட்டைவிட்டுப் போகும் நாளைக் குறித்தது சிறுமியின் அம்மாதான். கணவருக்குத் திருப்பதி சவாரி வந்த நாள். வண்டி, போலீசுக்குத் தகவல், தங்குமிடம் எல்லாவற்றையும் மையம் பார்த்துக்கொண்டது. உதவுகிறேன் என்று எங்களில் ஒருவரும் அந்தத் தெருப் பக்கம் போகக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. நானும் நண்பனும் கேளம்பாக்கத்தில் ஒரு கடையில் பரோட்டாவைப் பிய்த்துவைத்துவிட்டுத் தின்னாமல் உட்கார்ந்திருந்தோம். மதியம் அக்காவிடமிருந்து செய்தி வந்தது: "கேக் நல்லா வந்துச்சு." நண்பன் உடனே இன்னும் இரண்டு பரோட்டா சொன்னான்.

அம்மாவும் மகளும் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. கணவர் வந்து என் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டபோது, "சத்தியமா தெரியாதுண்ணா" என்றது அதனால் தடுமாறாமல் வந்தது. பாதுகாப்பு உத்தரவு கிடைத்துவிட்டது என்றும், சிறுமி புதுப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள், ராத்திரி விடியும்வரை தூங்குகிறாள் என்றும் பிறகு ஆலோசகர் வழியாகத் தெரிந்தது.

அந்த அம்மா போன கையோடு வகுப்பும் நின்றால் கணவர் கணக்குப் போட்டுவிடுவார் என்பதால் இன்னும் இரண்டு மாதம் விடாமல் கேக் செய்தோம். மற்ற அம்மாக்களில் ஒருவர் இப்போது பிறந்தநாளுக்கு ஆர்டர் எடுக்கிறார். என் கேக் மட்டும் இன்னும் கதவுதான்.

ஆண்டுக் கூட்டத்தில் எங்கள் பொருளாளர் ரசீதுகளைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் நண்பனையும் பார்த்தார். அவருக்கு இன்றுவரை எதுவும் தெரியாது.

"நூலகத்துல முட்ட எதுக்குடா?"

"கேக் செஞ்சோம்ண்ணா," என்றான் நண்பன்.

"எங்க கேக்கு?"

"துன்ட்டோம்ண்ணா."

நன்கொடைப் பணத்தில் இதை எழுத முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான். அக்கா விட்டத்தைப் பார்த்தபடி பையிலிருந்து பர்ஸை எடுத்தார். நாங்கள் மூவரும் பங்கு போட்டுக் கட்டினோம். பீட்டரையும் சேர்த்து நாலாயிரத்து முந்நூற்று எண்பது ரூபாய்.